போயிட்டு வா, மந்தாகினி

மேற்க மலையும் கெழக்க ரயில் ரோடும் நடுவுல ஒரு டாக்கீஸுமா இருக்குற கொக்கலாங்குளத்துல முத்துப்பேச்சின்னு ஒருத்தி இருந்தா, அவ எப்படியாப்பட்டவன்னா, கண்ணு முன்னாடி எது கெளம்பினாலும் அதுக்கு ‘போயிட்டு வா’ சொல்லாம விடமாட்டா, பஸ்ஸு கெளம்பினா பஸ்ஸுக்குச் சொல்லுவா, மழை விட்டா மழைக்குச் சொல்லுவா, கரண்டு போனா இருட்டுக்குள்ள நின்னு கரண்டுக்குச் சொல்லுவா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டப்ப காய்ச்சலுக்கும் சொல்லி வச்சு, அது சொன்ன பேச்சு தட்டாம மறுநாளே வந்து நிக்க, பிள்ளையப் பெத்தவ வந்து கையை நீட்டி நீட்டிச் சண்டை பிடிச்சா, பிடிச்சு முடிச்சு அவ திரும்பி நடந்தப்ப முத்துப்பேச்சி அவளுக்கும் சொன்னா, “சரிளா, போயிட்டு வா.”

ஊரு கேலி பண்ணும், ஆனா ஏன்னு கேக்காது, ஏன்னா ஏன்னு ஊருக்கே தெரியும். அவ வீட்டுக்காரரு வேலாயுதம் லாரி ஓட்டுனவரு, பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு காலையில தேங்காச் சட்னியில உப்பு கூடிப்போச்சுன்னு ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை, மனுசன் தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு வாசப்படியில நின்னு ‘போறேன்’னாரு, வெறும் ‘போறேன்’, அதோட கெளம்பிட்டாரு, மலை ரோட்டுல நெஞ்சுவலி வந்து லாரிய ஓரமா நிறுத்தி ஹேண்ட் பிரேக்கும் போட்டுட்டுத்தான் செத்தாருன்னு சொன்னாங்க, அவ்வளவு நெதானமான மனுசன் ‘போயிட்டு வாரேன்’ங்கிறதுல பாதியச் சொல்லிட்டு மீதிய வாசப்படியிலேயே வச்சிட்டுப் போயிட்டாரேன்னு இவளுக்கு. அந்த மீதியத்தான் அன்னையிலிருந்து போறது வாறதுக்கெல்லாம் பங்கு வச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தா. வெறும் ‘போ’ன்னு ஒரு கோழியக்கூட விரட்ட மாட்டா.

அவளுக்குப் பொழப்பு ஸ்ரீ வடிவு டாக்கீஸ் கேண்டீன்ல. பருப்பு வடை, முறுக்கு, டீ. இப்பல்லாம் அங்க மேட்னி ஒரே ஒரு ஆட்டந்தான், அதுக்கு வர்றதும் வெயிலுக்குத் தூங்க வர்ற கூட்டம், இருந்தாலும் இடைவேளை முடிஞ்சு பெல்லடிச்சா, கேட்டுப் பழகின எவனா இருந்தாலும் பாதி டீய வச்சிட்டு ஓடுற மாதிரி ஒரு குரலு குடுப்பா, “பெல்லடிச்சாச்சு, உள்ள போ உள்ள போ, படம் போட்டாச்சு”ன்னு, அந்தக் குரல ஊர்ல மூணு பேரு மிமிக்ரி பண்ணுவாங்க, மூணு பேருமே தோத்துப் போனவங்க.

ஒரு வெள்ளிக்கிழமை புதுப்படம் ஓட்டுற கம்ப்யூட்டரு படுத்துக்கிச்சு. டாக்கீஸ் ஆபரேட்டரு சூசை, மூஞ்சி பூரா மீசை, மீசை பூரா மூக்குப்பொடி, அவரு பழைய ரூம்புக்குள்ள போயி, நூலாம்படையத் தட்டி, பழைய ரீலு இருந்த ஒரு தகரப் பொட்டியத் தூக்கிட்டு வந்து போர்டுல சாக்பீஸால எழுதினாரு, ‘ஊமத்தம்பூ பங்களா, கறுப்பு வெள்ளை, பயங்கரம்’.

அம்புட்டுதான், ஊரே வந்துருச்சு. ஏன்னா அந்தப் படத்தப் பாத்து மூத்திரம் போகாதவன் கொக்கலாங்குளத்துல கெடையாது. கதை ஒண்ணும் பெருசில்ல. பங்களா மாடியிலிருந்து விழுந்து செத்த மந்தாகினி வெள்ளச் சேல கட்டிக்கிட்டு வந்து கதவத் தட்டுவா, ஹீரோ மெழுகுவத்தியோட நடுங்குவான், கடைசியில தாடி வச்ச மந்திரவாதி ஒருத்தர் விபூதிய அள்ளி வீசி “போ, போ, போ”ன்னு மூணு தடவ சொல்லுவாரு, மந்தாகினி பொகையாப் போயிருவா. முத்துப்பேச்சி ஒம்போது வயசுல மொதமொத பாத்தப்ப பெஞ்சுக்கு அடியில படுத்துக்கிட்டுப் பாத்தா, பேயின்னு பயம் ஒருபக்கம், அந்த அக்கா எம்புட்டு அழகுன்னு மலைப்பு ஒருபக்கம், அதுக்கப்புறம் எத்தன தடவ பாத்தாளோ, வசனமெல்லாம் அவ வாயில திரைக்கு முன்னாடியே வந்துரும்.

அன்னைக்கும் வடைத்தட்டோட கதவுல சாஞ்சுக்கிட்டு நின்னு பாத்தா. மந்திரவாதி விபூதிய வீசினாரு. போ, போ, போன்னாரு. மந்தாகினி பொகையாத் திரும்பிப் போனா. ஒருத்தி முதுகக் காட்டிப் போறா, இவ வாயி சும்மா இருக்குமா.

“போயிட்டு வாம்மா.”

பொகை நின்னுச்சு. திரும்பிப் பாத்துச்சு. சரின்னு தலைய ஆட்டிட்டுப் போச்சு. அந்தத் தலையாட்டு படத்துல கெடையாதுன்னு சூசை மட்டும் கவனிச்சாரு, அவரு பொடியக் குறைக்கணும்னு நெனச்சிக்கிட்டாரு.

மறுநா காலையில பதினோரு மணி இருக்கும், முத்துப்பேச்சி ஊறின பருப்ப வடிகட்டிக்கிட்டு இருந்தா, வாசல்ல டொக்கு டொக்குன்னு சத்தம், கூடவே எங்கிட்டோ ஒரு வயலினு.

“கதவைத் திற. நான் வந்துவிட்டேன்.”

“தெறந்துதான கெடக்கு,” முத்துப்பேச்சி பருப்பவிட்டுத் தலையத் தூக்காமலே சொன்னா, “தள்ளிட்டு வர வேண்டியதுதான.”

தள்ளிட்டு வந்தா மந்தாகினி. தலையிலிருந்து சேல நுனி வரைக்கும் கறுப்பு வெள்ளை, அதுக்குக் கீழ காலு இல்ல, கேமராக்காரன் கடைசிவரைக்கும் கீழ காட்டாததால காலு அவளுக்குக் குடுக்கப்படல, உடம்பு மேல பழைய ரீலுக்கே உள்ள கோடு கோடான மழை சன்னமாப் பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு. முத்துப்பேச்சி ஏற எறங்கப் பாத்தா. சொன்னா சொன்னபடி வந்துட்டாளேன்னு அவளுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பன்னெண்டு வருசத்துல காய்ச்சலுக்கு அடுத்தபடியா அவ சொல்லைக் கேட்டு வந்தது இது ஒண்ணுதான்.

“சாப்பிட்டியா?”

“யாரையும் விடமாட்டேன்,” மந்தாகினி சொன்னா.

ஆறு இட்லி வச்சா, ஆறையும் விடல.

அப்பத்தான் தெரிஞ்சுச்சு, பாவம், படத்துல அவளுக்கு எழுதிக் குடுத்த வசனமே மூணுதான். ‘கதவைத் திற, நான் வந்துவிட்டேன்’ ஒண்ணு, ‘இது என் வீடு’ ஒண்ணு, ‘யாரையும் விடமாட்டேன்’ ஒண்ணு. அந்த மூணையும் வச்சுக்கிட்டு அவ ஊர்ல பொழச்ச பொழப்பு இருக்கே, முந்நூறு வார்த்தை தெரிஞ்சவன் பொழைக்க மாட்டான். தண்ணிக் குழாயில கொடத்த முன்னாடி தள்ளிவைக்கிற பொம்பளையப் பாத்து ‘யாரையும் விடமாட்டேன்’னா, வரிசை நூல் பிடிச்ச மாதிரி நின்னுச்சு, மறுநாளிலிருந்து குழாயடிக்கு அவதான் மேற்பார்வை. ரேஷன் கடையில ‘இன்னைக்கு சீனி இல்ல, மூடியாச்சு’ன்னான், ‘கதவைத் திற’ன்னா, தெறந்தான், சீனி இருந்துச்சு. டவுன் பஸ்ல ஏறினா, கண்டக்டர் ஏகாம்பரம் மூக்கால பேசுற ஆளு, “எம்மா, எங்கம்மா எறங்கணும்?”னான், ‘இது என் வீடு’ன்னா, சரி அப்ப கடைசி ஸ்டாப்புன்னு எழுதிக்கிட்டு, பேயா இருந்தாலும் லேடீஸுதானன்னு மகளிர் டிக்கெட்ட கிழிச்சுக் கையில குடுத்தான்.

ரெண்டே நாளுல ஊரு பழகிப்போச்சு. வயலினு சத்தம் கேட்டா ‘மந்தா வாரா’ன்னு அடுப்பு மேல டீத்தண்ணி வைப்பாங்க. அவ வடைய எடுத்தா வயலினு மெல்ல ஏறும், கடிச்சா டம்முன்னு மேளம் விழும், சின்னப்பிள்ளைக அந்த மேளத்துக்காகவே வடை வாங்கிக் குடுத்துச்சு. ஒரே ஒரு பெரச்சனை சேலையிலதான் வந்துச்சு. ஜவுளிக்கடை கோமதிநாயகம், தான் சொல்றதுதான் கலருன்னு முப்பது வருசமா ஓட்டுனவரு, அவருக்கு ஒரு சந்தேகம். “கறுப்பு வெள்ளைப் படத்துல வெள்ளச் சேல கட்டினா கண்ணக் கூசும், அதனால அந்தக் காலத்துல வேற கலரத்தான் கட்டிவிடுவாங்க. தாயி, நெசமா இது என்ன கலரு?”ன்னு கடையில இருந்த அம்புட்டுத் துணியையும் அவ முன்னால விரிச்சாரு. மந்தாகினி ஒண்ணொண்ணாத் தள்ளிட்டு ஒரு கத்திரிப்பூக் கலரு சேலை மேல கைய வச்சா. ஊரே வாயப் பொளந்துச்சு. “அடப்பாவிகளா,” ஏகாம்பரம் மூக்கால சொன்னான், “இம்புட்டு வருசமா கத்திரிப்பூக் கலருக்கா நாம பயந்தோம்.”

முத்துப்பேச்சிதான் யாருக்கும் தெரியாம ஒரு சந்தோசத்துல இருந்தா. கேண்டீனுக்குக் கெளம்பினா பின்னாடியே வயலினு வரும், வீட்டுக்குத் திரும்பினா கூடவே திரும்பும், தட்டு ரெண்டு கழுவ வேண்டியிருந்துச்சு, சட்னி அரைக்கும்போது உப்பு பாக்கச் சொல்ல ஒரு ஆளு இருந்துச்சு. “உப்பு சரியாட்டி?”ன்னு கேப்பா. “யாரையும் விடமாட்டேன்”னு அது வழிச்சு வழிச்சுத் திங்கும். அதுபோதும் அவளுக்கு.

செவ்வாக்கெழம சூசை வந்தாரு. வந்தவரு உக்காரல, மீசையத் தடவிக்கிட்டே நின்னாரு.

“என்ன அண்ணாச்சி, படம் எப்படிப் போகுது?”

“படமா அது?” சூசை சொன்னாரு. “கதவு தட்டுற சத்தம் வரமாட்டேங்குது. ஹீரோ மெழுகுவத்தியப் பிடிச்சிக்கிட்டு அரைமணி நேரம் நிக்கான், அப்புறம் கை வலிச்சு சோபாவுல உக்காந்துட்டான். பேயி இல்லாததால அந்த வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க, நல்லா இருக்கவும் மாமியாக்காரி ஆரம்பிச்சிட்டா, மருமகள அவ படுத்துற பாட்டப் பாத்து ஜனம் அழுதுட்டுப் போகுது, பேயி இருந்தப்ப வீடு நிம்மதியா இருந்துச்சுங்காங்க. மந்திரவாதிக்கு வேலையில்ல. மந்திரிக்க வச்சிருந்த எலுமிச்சம்பழத்த நேத்து ஜூஸ் போட்டுக் குடிச்சிட்டாரு.”

முத்துப்பேச்சி சிரிச்சா. சூசை சிரிக்கல.

“சிரிக்காத பேச்சி. அவளப் பாரு.”

மந்தாகினி செவத்தோரமா உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தா. அவ முதுகுக்குப் பின்னாடி தொங்குற காலண்டரு அவ நெஞ்சு வழியாத் தெரிஞ்சுச்சு. செவ்வாய்ங்கிறது தெரிஞ்சுச்சு, எமகண்டம் ஒம்போதுலருந்து பத்தரைங்கிறதுகூடத் தெரிஞ்சுச்சு.

“ஒவ்வொரு ஆட்டமும் அவ இல்லாம ஓட ஓட ரீலுல அவ எடம் தூர்ந்துக்கிட்டே வருது,” சூசை மெதுவாச் சொன்னாரு. “எறைக்காத கெணறு தூர்ற மாதிரி. வியாழக்கெழம கடைசி ஆட்டம், அதுக்குள்ள திரும்பலன்னா உள்ளயும் இருக்க மாட்டா, இங்கயும் இருக்க மாட்டா. வரச்சொன்ன வாயி நீ. நீதான் அனுப்பணும். வா-வ விட்டுட்டு, வெறும் போ.”

“அது என் நாக்குல வராது அண்ணாச்சி.”

“அதான் தாயி எனக்கும் கவல.”

ஊரு கூடிப் பேசுச்சு. அவளால முடியாட்டி என்ன, ஊர்ல போன்னு சொல்ல ஆளா இல்லன்னு ஏகாம்பரம் முன்னாடி வந்தான், மந்தாகினிய பஸ்ஸடியில நிறுத்தி, விசிலடிச்சு, “போலாம் ரைட்”னான், போலாம்னா ரெண்டு பேருமான்னு எடுத்துக்கிட்டு அவளும் ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி, ஒரு சோளக்கருது தின்னுட்டு அதே பஸ்ஸுல திரும்பி வந்தா. போலீஸ்காரரு ஒருத்தரு, நாளெல்லாம் கூட்டத்தப் பாத்து ‘போ போ, நிக்காத’ன்னே வயசானவரு, அவரக் கூட்டியாந்தாங்க, அவரும் குச்சியத் தட்டி ‘போ போ’ன்னாரு, மந்தாகினி மூணடி தள்ளி நின்னுக்கிட்டு “இது என் வீடு”ன்னா, பட்டா இருக்கான்னு கேக்க அவருக்கு வாயி வரல. முத்துப்பேச்சியப் பிடிச்சுப் பழக்குனாங்க. கோழிய முன்னாடி விட்டு, சொல்லு சொல்லுன்னாங்க. “போ...” அவ ஆரம்பிப்பா, கோழி ரெக்கைய எடுக்கும், “...யிட்டு வா”ன்னு முடிப்பா, கோழி திரும்பி வரும், இப்படியே புதன்கெழம பூராவும் போயி வந்து போயி வந்து சாயந்தரம் கோழி தானாப் போயி கூடைக்குள்ள படுத்துக்கிச்சு.

வியாழக்கெழம மேட்னிக்கு நிக்க எடமில்ல. மந்தாகினி இப்ப வெறும் கோடாத்தான் இருந்தா, அவ வழியாப் பாத்தா ‘முன்சீட்டில் கால் வைக்காதீர்கள்’னு எழுதியிருந்தது எழுத்துக் கொறையாமத் தெரிஞ்சுச்சு, வயலினு கொசு சத்தம் மாதிரி ஆயிருச்சு. முத்துப்பேச்சி அவளக் கூட்டிட்டுத் திரைக்கு முன்னாடி போயி நின்னா. திரையில மாமியாக்காரி சாம்பாரக் கீழ ஊத்திக்கிட்டு இருந்தா.

“மந்தா,” முத்துப்பேச்சி சொன்னா, “போ...”

மந்தாகினி திரைப்பக்கம் திரும்பினா.

“...யிட்டு வா.”

மந்தாகினி திரும்பி வந்து அவ பக்கத்துல நின்னுக்கிட்டா.

ரெண்டாவது தடவ பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா, மூணாவது தடவ வாயில முந்தானையப் பொத்திக்கிட்டுச் சொன்னா, பொத்தின துணிக்குள்ளருந்தே ‘யிட்டு வா’ன்னு வந்துச்சு. பெஞ்சு டிக்கெட்டுல சிரிப்பு கெளம்பி அடங்கிப்போச்சு, ஏன்னா முத்துப்பேச்சி அழுதுக்கிட்டு இருந்தா. “என்னால ஆகாதுட்டி,” அவ கிட்டக்க சொன்னா, “வா இல்லாம சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ட்டி.” மந்தாகினி ஏதோ சொல்ல வாயத் தெறந்தா, மூணு வசனத்துல எதுவும் அதுக்குத் தோதா இல்ல, வாய மூடிக்கிட்டா.

லைட்டு போட்டாச்சு. இடைவேளை.

இடைவேளைன்னா ஜனத்துக்குப் பசிக்கத்தான செய்யும், பேயி அழிஞ்சாலும் டீ டீதான், கூட்டம் கேண்டீனச் சூழ்ந்துக்கிச்சு, முத்துப்பேச்சி மூக்க உறிஞ்சிக்கிட்டு ஓடிப்போயி அடுப்படியில நின்னா. வடைய எடுத்துக் குடுக்க மந்தாகினியும் கூட வந்தா, அஞ்சு நாளா அவதான குடுத்தா, பெல்லுக்குப் பின்னாடி வர்ற குரலும் இப்பத்தான் அவளுக்குக் கேட்டுப் பழகியிருந்துச்சு, தட்டுல கைய வச்சா, வடை அவ உள்ளங்கை வழியாக் கீழ விழுந்துச்சு. இன்னொண்ண எடுத்தா, அதுவும் விழுந்துச்சு. கோமதிநாயகம் குனிஞ்சு கீழ கெடந்த ரெண்டையும் எடுத்து, ஊதி, எனக்குத்தான்னு தின்னுட்டாரு.

முத்துப்பேச்சி அதப் பாக்க மாட்டாம அந்தப்பக்கம் திரும்பி டம்ளரக் கழுவ ஆரம்பிச்சா. ஒவ்வொண்ணாக் கழுவினா, கழுவினதயே கழுவினா. அப்ப மேல ரூம்புல சூசை வழக்கம்போல பெல்ல அமுக்கினாரு, கிர்ர்ர்ருன்னு அது கத்த, ஈரக்கைய முந்தானையில தொடச்சிக்கிட்டே, திரும்பாம, யோசிக்காம, முப்பது வருசப் பழக்கத்துல முத்துப்பேச்சி குரலு குடுத்தா.

“பெல்லடிச்சாச்சு, உள்ள போ உள்ள போ, படம் போட்டாச்சு.”

பாதி டீய வச்சிட்டுக் கூட்டம் ஓடுச்சு. செருப்புச் சத்தம் அடங்குச்சு. வராண்டாவுல அவ மட்டும் நின்னா. திரும்பிப் பாத்தா, வடைத்தட்டுக்குப் பக்கத்துல யாரும் இல்ல.

உள்ளருந்து வயலினு கேட்டுச்சு. கொசு சத்தம் இல்ல, முழுசா, அந்தக் கால வயலினு. டொக்கு டொக்குன்னு கதவு சத்தம். “கதவைத் திற. நான் வந்துவிட்டேன்.” தியேட்டரே வீல்னு அலறுச்சு, அலறி முடிச்சுக் கைதட்டுச்சு, ஏகாம்பரம் மூக்கால விசிலடிச்சான், திரையில ஹீரோ சோபாவுலருந்து துள்ளி எந்திரிச்சு சந்தோசமா நடுங்கினான், மாமியாக்காரி வாய மூடிக்கிட்டு மூலையில போயி உக்காந்துக்கிட்டா.

முத்துப்பேச்சி கதவுல வந்து சாஞ்சு நின்னா. மந்தாகினி பளிச்சுன்னு இருந்தா. எல்லாரும் பாத்தது வெள்ளச் சேலதான், ஆனா யாரக் கேட்டாலும் கத்திரிப்பூன்னுதான் சொல்லியிருப்பாங்க. தான் இவள அனுப்பினோமா, இவ தானா உள்ள போனாளான்னு முத்துப்பேச்சி யோசிச்சுப் பாத்தா. போன்னுதான் சொல்லியிருக்கோம். ஆனா ஒருத்தர உள்ள போன்னு சொல்றதும் வெளிய போன்னு சொல்றதும் ஒண்ணா என்ன.

கடைசி சீனு வந்துச்சு. மந்திரவாதி எலுமிச்சம்பழம் இல்லாம வெறுங்கையோட வந்தாலும் விபூதிய நல்லா வீசினாரு. போன்னாரு. போன்னாரு. மூணாவது தடவையும் போன்னாரு. மந்தாகினி பொகையாத் திரும்பினா, நாலடி போனா, நின்னா. திரும்பி, ஹீரோவ விட்டு, மந்திரவாதிய விட்டு, பெஞ்சு டிக்கெட்டத் தாண்டி, கதவுல வடைத்தட்டோட நிக்கிறவளப் பாத்தா. எழுதிக் குடுக்காத வசனம் ஒண்ணு அவ வாயில இருந்து வந்துச்சு, படத்துக்குன்னு யாரோ பேசிக் குடுத்த அந்த நீட்டி முழக்குற குரல்ல இல்ல, குழாயடிக் குரல்ல, பஸ்ஸடிக் குரல்ல, அப்படியே கொக்கலாங்குளத்துக் குரல்ல.

“வாரேன்க்கா.”

ஒம்போது வயசுல பெஞ்சுக்கு அடியில கெடந்துக்கிட்டு அவள அக்கான்னு நெனச்சவ, இப்ப அவ வாயால அக்கா ஆயிட்டா. முத்துப்பேச்சி சரின்னு தலைய மட்டும் ஆட்டினா.

மறுநா தகரப் பொட்டி பழையபடி ரூம்புக்குள்ள போச்சு. அப்பப்ப பக்கத்து ஊருக்காரங்க திருவிழாவுக்கு ஓட்டணும்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க, கடைசியில அந்தப் பேயி யாருக்கோ ‘வாரேன்க்கா’ங்குதே, எங்க தாத்தா சொன்ன கதையில இது இல்லையேன்னு கேப்பாங்க, சூசை மீசையத் தடவிக்கிட்டு, அது கொக்கலாங்குளம் காப்பி, அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்புவாரு.

அந்த வியாழக்கெழம சாயந்தரம் முத்துப்பேச்சி வீட்டுக்கு வந்து, ஒரு தட்டக் கழுவி வச்சு, நாளைக்குப் பருப்பு ஊறப்போட்டுக்கிட்டு இருந்தப்ப பட்டுன்னு கரண்டு போச்சு. தெரு பூரா இருட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பெத்தவ ஜன்னல்ல காத வச்சுக் காத்திருந்தா, இந்தா இப்பச் சொல்லுவா, இந்தா இப்பச் சொல்லுவான்னு. முத்துப்பேச்சி பருப்புல கைய வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா. ஒண்ணும் சொல்லல.

கொஞ்ச நேரங்கழிச்சு கரண்டு அது பாட்டுக்கு வந்துச்சு.